லாக் ஃபைலைப் பூட்டியவர்

ஈரோட்டுப் போர்வைக் கம்பெனி ஒன்றில் காலையிலிருந்து மெயிலே போகவில்லை. மேனேஜர் தண்டபாணி, முதலாளியம்மா முன்னாலேயே கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த கோமளத்தைப் பிடித்துக்கொண்டார். "நேத்து நீ மெயில் சர்வரைத் தொட்டதாலதானே? மத்தியானத்துக்குள்ள சரியாகலைன்னா வீட்டுக்குக் கிளம்பு."

கோமளம் சர்வரைத் திறந்து பார்த்தாள். "போற வர்ற மெயிலை சர்வர் குறிச்சு வைக்கிற லாக் ஃபைலை, யாரும் பார்க்கக் கூடாதுன்னு ஒருத்தர் தன் பேருக்குப் பூட்டிக்கிட்டாரு சார். சர்வருக்கே எழுத அனுமதியில்லை, அதான் நின்னுடுச்சு."

"அந்த ஆளை வேலையை விட்டே தூக்கணும்" என்று குதித்தார் தண்டபாணி.

"பேரு இங்கேயே இருக்கு. அம்மாவுக்குக் கேக்கற மாதிரி வாசிங்க சார்."

தண்டபாணி குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். திரையை அம்மாவுக்குத் தெரியாதபடி மெல்லத் திருப்பினார்.

கோமளம் ஃபைலைச் சர்வர் பேருக்கே மாற்றினாள். தேங்கிய மெயில்கள் கிளம்பின. முதலாளியம்மாவுக்கு முதலில் வந்தது, கோமளத்தை நீக்கச் சொல்லித் தண்டபாணி காலையில் அனுப்பிய மெயில்.

வாசித்துவிட்டு அம்மா கேட்டார்: "இதுல பேரை மட்டும் மாத்திடட்டுமா தண்டபாணி?"