மருத மரத்தில் குடியேறிய புல்லுருவி

செடியும் மரமும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் புல்லுருவி தரையில்தான் வாழ்ந்தது. ஆற்றங்கரையில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். தடித்த இலை, இலை நிறையச் சாறு. அதுவே அதற்கு வினையாகப் போயிற்று. மேய வருகிற ஆடுகள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அதைத்தான் கடிக்கும். ஒரு கோடை முடிவில் அந்தக் கரையில் ஒரே ஒரு புல்லுருவிதான் மிஞ்சியது. அதிலும் இரண்டு இலையும் ஒரு கொத்துப் பழமும்தான் பாக்கி.

பக்கத்தில் ஒரு மருத மரம் நின்றது. புல்லுருவி அதனிடம் இடம் கேட்டது. ஒரே ஒரு மழைக்காலம் தங்கிவிட்டு இறங்கிவிடுவதாகச் சொன்னது. மருதத்துக்கு இளகிய மனசு. ஏறி வர வழி இருந்தால் வந்து இருந்துகொள் என்றது.

ஏறுவது எப்படி? புல்லுருவி ஒரு பூக்கொத்திக் குருவியைக் கூப்பிட்டுப் பழம் கொடுத்தது. கட்டைவிரல் அளவுக் குருவி அது. ஆசையாகத் தின்றது. ஆனால் விதை பசைபோல் வாலடியில் ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்றது. குருவி வெட்கப்பட்டுக்கொண்டு மருதத்தின் கிளையில் போய் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது பின்பக்கத்தைத் தேய்த்துவிட்டுப் பறந்தது. விதை கிளையில் ஒட்டிக்கொண்டது. அன்று மாலையே கீழே இருந்த செடியை ஆடுகள் தின்று முடித்தன.

மழையில் விதை முளைத்தது. மழைக்காலமும் போயிற்று. புல்லுருவி இறங்கவில்லை. அதன் வேர் கிளைக்குள் இறங்கி, மருதத்தின் சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சள் பூ வேறு. கிளையின் சொந்த இலைகளோ சுருங்கிப் போயின. மருதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பூவாயியிடம் முறையிட்டது.

பூவாயி அந்தக் கரையூரின் வைத்தியச்சி. மறுநாள் அரிவாளோடு வந்து வெட்டிவிடுவதாக வாக்குக் கொடுத்தாள். ஆனால் மறுநாள் காலையில் அவள் கணவன் செம்பன், தேன் எடுக்கப் போன பாறையிலிருந்து சறுக்கி விழுந்தான். தொடை கிழிந்துவிட்டது. நான்கு நாளில் புண் சீழ் வைத்து, காய்ச்சலில் அவன் பிதற்ற ஆரம்பித்தான்.

அந்தப் புண்ணுக்கு மருந்து மருதம்பட்டை. சுற்றுவட்டாரத்தில் இருந்ததோ அந்த ஒரு மருதம்தான். அந்த வருஷம் காட்டுப்பன்றி கிழித்துக் காயம்பட்டவர்கள் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்கென்று உரித்து உரித்து, அடிமரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டைதான் மீதம் இருந்தது. அதையும் உரித்தால் மரம் பட்டுப்போகும்.

"எடுத்துக்கொள் பூவாயி, நான் வருத்தப்பட மாட்டேன்" என்றது மருதம்.

பூவாயி பட்டையின் மேல் கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். "உன்னைக் கொன்று அவரை நடக்க வைத்தால், அடுத்து விழுகிறவனுக்கு நான் எங்கே போவேன்?" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு, இந்தத் திருட்டுச் செடியையாவது வெட்டினால் மரம் தேறும், மெல்லப் பட்டையும் வளரும் என்று கிளையில் ஏறினாள். அரிவாளை ஓங்கினாள்.

"அம்மா, நான் திருடியது உண்மைதான்" என்றது புல்லுருவி. "திருடியது வேறெங்கும் போய்விடவில்லை. என் இலைக்குள்தான் இருக்கிறது. ஒன்றைக் கடித்துப் பாருங்கள்."

பூவாயி நம்பவில்லை. இருந்தாலும் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு, அசல் மருதம்பட்டையின் துவர்ப்பு. அப்படியே கிளையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மடி நிறைய இலை பறித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அரைத்துக் கட்டிய மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பத்தாம் நாள், கஞ்சியில் உப்பு இல்லை என்று செம்பன் குறை சொன்னான். அதைக் கேட்டுப் பூவாயிக்குச் சிரிப்பு வந்தது. இனிப் பிழைத்துக்கொள்வான் என்று தெரிந்துவிட்டது. மாதம் முடிவதற்குள் கோலை ஊன்றிக்கொண்டு மருதத்தடிக்கு வந்து, மேலே அண்ணாந்து பார்த்து, "இதையா வெட்டப் போனாய்?" என்று அவளைக் கேலி செய்தான்.

பூவாயி மரத்துக்கும் செடிக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னாள். புல்லுருவி மேலேயே இருக்கட்டும். நோய்க்கு யார் கேட்டாலும் இலை தர வேண்டும். அளவு மீறிப் படர்ந்தால் அவளே வந்து கழித்துவிடுவாள். பட்டைக்கு ஓய்வு கிடைக்கும் என்று மருதமும் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டது.

சேதி பரவியதும் மற்ற மரங்களுக்கும் ஆசை வந்தது. என் குணத்தையும் அது சேர்த்து வைக்கட்டுமே என்று வேம்பு குருவியைக் கூப்பிட்டது. புளியும் மாவும் கூப்பிட்டன. பூவாயி ஒவ்வொன்றிலும் ஓர் இலை கடித்துப் பார்த்தாள். ஒன்று கைத்தது, ஒன்று புளித்தது. ஒன்று தீர்க்கிற நோயை மற்றது தீர்க்கவில்லை.

அன்று முதல்தான் புல்லுருவி மண்ணில் கால் வைப்பதில்லை. அதை வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்குகிறவர் முதலில் "எந்த மரத்தில் இருந்தது?" என்று கேட்பதும் அன்று முதல்தான்.