யானை மூக்குல நின்ன கண்ணாடி

மொதல்லயே சொல்லிருதேன். எனக்குக் கோவம் வரும், பொய் வராது. அன்னைக்குச் சண்முகவேல் அண்ணாச்சி கண்ணாடிக் கடையில நான் பேசுனது அம்புட்டும் நெசம். கூட வந்த ஜெபராணி வேற மாதிரி சொன்னா நம்பாதீங்க. அவ என் ரூம்மேட்டுதான், ஆனா எப்பவும் எதிர்க்கட்சி.

கடைக்குள்ள போன வேகத்துல என் கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சேன்.

"அண்ணாச்சி, இந்தப் பிரேம மாத்திக் குடுங்க. நாளைக்கு எனக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல்."

"பில்லு இருக்காம்மா?"

"பில்லு கதை கடைசில வரும். மொதல்ல என் மூக்கப் பாருங்க."

பாத்தாரு. "மூக்கு இருக்கு."

"இல்லன்னு யாரு சொன்னா? ரெண்டு கண்ணுக்கும் நடுவுல பாருங்க. அங்க ஏதாச்சும் இருக்கா?"

"கொஞ்சம் தாழ்வா இருக்கு."

"தாழ்வாவா? ஒண்ணுமே கெடையாது அண்ணாச்சி. எங்க குடும்பத்துல எல்லாருக்கும் நடுவுல தார் ரோடு போட்ட மாதிரிதான் இருக்கும். எங்க சித்தப்பா ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு ஒரு கண்ணுல சொட்டு மருந்து விட்டா, அது உருண்டு போயி அடுத்த கண்ணுலயும் விழுந்துரும். ஒரு பாட்டில வாங்கி ரெண்டு வருசம் ஓட்டுதாரு."

பெஞ்சுல காக்கிச் சட்டையோட ஒரு கண்டக்டர் தன்னோட கண்ணாடிக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு. அவரு இருமுனாரு. இருமல் மாதிரி தெரியல.

"இந்த மூக்குல போயி, மூக்குல தாங்குத பேடு இல்லாத பிளாஸ்டிக் பிரேம மாட்டி விட்டு, 'எடுப்பா இருக்கு'ன்னீங்க. முகத்துக்கு எடுப்பா இருக்கு. மூக்குக்கு யாரு பதில் சொல்லுவா?"

"நானாம்மா எடுத்தேன்?" அண்ணாச்சி என் கண்ணாடிய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "நீதான் இங்கயே நின்னு போட்டோ புடிச்சு, உங்க ஹாஸ்டல் குரூப்புல போட்டு, அந்தப் பிள்ளைங்க ஓட்டுப் போட்டு எடுத்தீங்க. ஒரு தடவ குனிஞ்சு பாரு தாயின்னு சொன்னேன். நீ நாடியத் தூக்கிக்கிட்டே நின்ன."

"குனிஞ்சு யாராச்சும் போட்டோவுக்கு நிப்பாங்களா?"

"நிமிந்து யாராச்சும் படிப்பாங்களா?" இது ஜெபராணி. சொன்னேம்லா, எதிர்க்கட்சி.

அவள விட்டுட்டு அண்ணாச்சிகிட்ட விசயத்துக்கு வந்தேன்.

"கேளுங்க. கிளாஸ்ல இது எறங்கிக்கிட்டே இருக்கும், நான் விரலத் தூக்கி ஏத்திக்கிட்டே இருப்பேன். நான் கையத் தூக்கி 'தெரியும், தெரியும்'ங்கேன்னு எங்க சாரு நெனச்சுட்டாரு. எனக்குத்தான் எல்லாம் தெரியுதேன்னு, ஒரே பீரியட்ல ஒரு செமஸ்டர் பாடத்த முடிச்சுட்டுப் போயிட்டாரு. மிச்ச நாளெல்லாம் சும்மா வந்து உக்காந்து காத்து வாங்கிட்டுப் போறாரு."

அண்ணாச்சி டிராயரத் தொறந்து எதையோ தேடிக்கிட்டு இருந்தாரு.

"அத விடுங்க. பஸ்ல வாறேன். டிரைவர் பிரேக்க ஒரு அமுக்கு அமுக்குனாரு. கண்ணாடி கெளம்பிப் பறந்து, எதுத்தாப்புல திரும்பி உக்காந்திருந்தவரு மூக்குல போயி உக்காந்துட்டு. அவருக்கு நல்ல மூக்கு, கும்முனு நிக்கும். அன்னைக்குத்தான் அவருக்கு வெளிய உள்ள போர்டு தெரிஞ்சிருக்கு. 'அய்யய்யோ, இது கோவில்பட்டி இல்லியா?'ன்னு கத்திட்டு எறங்கி ஓடுனாரு. பாவம் மனுசன், பன்னெண்டு வருசமா தப்பான ஊர்ல வேலை பாத்துக்கிட்டு இருந்திருக்காரு."

"நம்ம ரூட்டா?"ன்னாரு கண்டக்டர்.

"ஆமா."

"பொய். நம்ம ரூட்டுல எந்த பஸ்ஸுக்குப் பிரேக் புடிக்கி?"

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "ஒங்க பஸ்ஸுக்குப் பிரேக் இல்லன்னா நான் பொய் சொல்லுதவளா? கேளுங்க, மாடல் பிராக்டிகல்ல நடந்ததக் கேளுங்க. பியூரெட்டுன்னு ஒரு கண்ணாடிக் குழாய், அதுல அளவு பாக்கணும்னா கண்ண அந்தக் கோட்டுக்கு நேரா கொண்டு போயி குனியணும். குனிஞ்சேன். கண்ணாடி விழுந்து பியூரெட் ஒடஞ்சுட்டு. ஒடஞ்ச சத்தத்துல மத்த பிள்ளைங்க குடுவையில எல்லாம் தண்ணி, வர வேண்டிய ரோஸ் கலருக்குத் தானா வந்துட்டு. கிளாஸே பாஸ். நான் மட்டும் ஃபெயில்."

"பியூரெட் ஒடஞ்சது மட்டும் நெசம் அண்ணாச்சி"ன்னா ஜெபராணி. "நாளைக்கும் ஒடச்சா உள்ளயே விட மாட்டேன்னு சாரு சொல்லிட்டாரு. அதுதான் இவளுக்கு இந்த ஆட்டம்."

இப்படி மடக்குனா நான் அடுத்த விசயத்துக்குப் போயிருவேன்.

"அன்னையிலருந்து நான் குனியுததே இல்ல. நாடியத் தூக்கிக்கிட்டேதான் நடக்கேன். திமிரு புடிச்சவள்னு ஊரே பேசுது. கவுன்சிலருக்கு நிக்கியான்னு ரெண்டு கட்சிக்காரங்க வந்து கேட்டுட்டாங்க. மழை பேஞ்சா தண்ணி நேரா மூக்குக்குள்ள போகுது. சரி, சாமிகிட்டயே முறையிடுவோம்னு கோயிலுக்குப் போனேன். வாசல்ல யானை. என்னப் பாத்துது. பாவம்னு நெனச்சிருக்கும். தும்பிக்கைய நீட்டிக் கண்ணாடியக் கழட்டி அதோட மூக்குல மாட்டிக்கிட்டு."

"ஏட்டி, போதும்"ன்னா ஜெபராணி.

"நீ சும்மா இரு. யானை மூக்கு எம்புட்டு நீளம்? உச்சியிலருந்து தரை வரைக்கும் சறுக்கு. அதுல நிக்குது அண்ணாச்சி! ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. தலைய ஆட்டுச்சு, மண்டி போட்டுச்சு, விழல. அன்னைக்குத்தான் அதுக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சிருக்கு. சில்லறை போட்டவனுக்குப் பாதி ஆசீர்வாதம், நோட்டு குடுத்தவனுக்கு முழு ஆசீர்வாதம். செல்லாத நோட்ட நீட்டுனவனப் பாகன்கிட்டப் புடிச்சே குடுத்துட்டு. பொறவு பெரிய மனசு பண்ணிக் கண்ணாடியத் திருப்பிக் குடுத்துச்சு. ஆனா என் கையிலருந்து புடுங்குன கண்ணாடி டப்பாவத் தரல. பில்லு அந்த டப்பாவுக்குள்ளதான் இருந்துச்சு. இப்பச் சொல்லுங்க, யானைகிட்டப் போயி நான் பில்லக் கேக்க முடியுமா?"

கண்டக்டர் அண்ணாச்சியப் பாத்தாரு. அண்ணாச்சி என் கண்ணாடியோட காதுல மாட்டுத காம்ப வெந்நியில முக்கி எடுத்து வளைச்சுக்கிட்டு இருந்தாரு. நிமிந்து கூடப் பாக்கல.

"பிரேம மாத்த முடியாதும்மா. அந்த பில்லுக்கு நேத்தே மாத்திக் குடுத்தாச்சு."

"யாருக்கு?"

"யானைக்கு. சாயங்காலம் வந்துச்சு. பில்லு வச்சிருந்துச்சு, நான் என்ன செய்ய? ஒரு பில்லுக்கு ஒரு தடவதான்."

பொறந்ததுலருந்து எனக்கு வாய் அடைச்சது அன்னைக்குத்தான். ஜெபராணி அதையும் போட்டோ எடுத்தா.

அண்ணாச்சி கண்ணாடிய நீட்டுனாரு. நான் கத்திக்கிட்டு இருந்த நேரத்துல, உள்பக்கம் ரெண்டு சின்ன ரப்பர் பேட ஒட்டியிருக்காரு. காம்பு காதுக்குப் பின்னால நல்லாக் கொக்கி மாதிரி வளைஞ்சிருந்துச்சு.

"மாட்டு. குனி. இன்னும் குனி. தலைய ஆட்டு."

குனிஞ்சேன். என் செருப்பு தெரிஞ்சுது. ஆட்டுனேன். கண்ணாடி அசையல. அப்படியே மேசைக்கு மேல குனிஞ்சு, அவரு ஸ்கேலுல உள்ள மில்லிமீட்டர் கோட்ட ஒண்ணொண்ணா எண்ணிப் பாத்தேன். நாளைக்குப் பியூரெட் பொழைச்சுக்கிடும்.

அதுக்காக விட்டுற முடியுமா?

"எனக்கு ஒட்டுப் பேடு, யானைக்குப் புதுப் பிரேமா? அதுக்கு மட்டும் எது சரியா நிக்கும்னு பாத்துக் குடுத்தீங்களாக்கும்?"

"எங்கம்மா? குனிஞ்சு பாரு, குனிஞ்சு பாருன்னு நானும் சொல்லிப் பாத்தேன்." அடுத்து கண்டக்டர் கண்ணாடிய எடுத்துத் தொடைக்க ஆரம்பிச்சாரு. "தும்பிக்கையத் தூக்கிக்கிட்டுப் போட்டோவுக்கு நின்னுட்டுப் போயிருக்கு. நாளைக்கு வரும்."