வாசலுக்கு விட்ட இடம்

ஒத்தப்புளி ஊரில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் எல்லாம் அப்படியே இருந்தது.

அந்த ஊர் மாசிலாமணிக்குப் பக்கத்து ஊர்ப் பச்சையம்மாள் மேல் உயிர். அவள் சிரித்துவிட்டால் அன்றைக்குச் சோறே வேண்டாம் என்பான். பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா துரைக்கண்ணு தெளிவாகச் சொன்னார்.

“ஒரே பொண்ணு. எனக்கு வீட்டோட மாப்பிள்ளைதான் வேணும். ஆடி கழிஞ்சு மொத வெள்ளிக்கு வந்து பார்ப்பேன்.”

மாசிலாமணி பதறியடித்துக்கொண்டு கூட்டாளிகளிடம் ஓடி வந்தான். “டேய் கொளஞ்சி, எத்திராசு! மாப்பிள்ளை நான் இருக்கேன். வீடு இல்லையேடா!”

மூவரும் டவுனுக்குப் போய் ஒரு என்ஜினீயரம்மாவைப் பிடித்தார்கள். செங்கல் வேண்டாம், கூரையும் வேண்டாம், சாக்கில் மண்ணை நிரப்பி வட்டமாக அடுக்கினால் போதும் என்றார் அவர்.

“ஒவ்வொரு வரிசையையும் நாலு விரல் உள்ள தள்ளுங்க. மேல போகப் போகக் குறுகி, கவுத்த பானை மாதிரி மூடிக்கும். உச்சியில வெளிச்சத்துக்கு ஒரு சாண் ஓட்டை விடுங்க. முக்கியமா, வாசலுக்கு இடம் விட மறந்துடாதீங்க.”

வேலை தொடங்கியது. மாசிலாமணி உள்ளே நின்று அடுக்கினான். மற்ற இருவரும் வெளியே நின்று மூட்டை தூக்கிக் கொடுத்தார்கள். இரண்டாவது வரிசையிலேயே சிக்கல் வந்தது.

“கட்டை விரல் கணக்குல வருமா?” என்றான் எத்திராசு.

“அஞ்சுன்னா வரும். அந்தம்மா நாலுன்னுதானே சொன்னாங்க?” என்றான் கொளஞ்சி.

அதிலிருந்து இருவரும் கட்டை விரலை மடக்கிக்கொண்டுதான் மூட்டையைத் தள்ளினார்கள்.

வாசல் விஷயத்திலும் குறை வைக்கவில்லை. வீட்டுக்கு முன்னால் பத்தடி இடம் விட்டு, பெருக்கி, சாணம் தெளித்தார்கள். பச்சையம்மாள் தேர்க்கோலமே போடலாம் என்று மாசிலாமணி பூரித்துப்போனான். வாங்கி வந்த கதவு திருட்டுப்போய்விடக் கூடாதென்று அதைத் தன்னோடு உள்ளேயே வைத்துக்கொண்டான்.

உச்சி மூடி மூன்று நாளாயிற்று. ஏணி வைத்து ஏறி, ஓட்டை வழியாகச் சோற்று உருண்டை போட்டு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் துரைக்கண்ணு வந்தார். வீட்டை மூன்று சுற்று சுற்றினார்.

“எங்கடா வாசல்?”

“நீங்க நிக்கிறதுதான் மாமா வாசல்!” என்று உச்சி ஓட்டையிலிருந்து குரல் வந்தது.

“கதவு?”

“பத்திரமா என்கிட்ட இருக்கு மாமா.”

துரைக்கண்ணுவுக்கு வந்ததே கோபம். “அடேய், வீட்டோட மாப்பிள்ளைன்னா எங்க வீட்டுல வந்து இருக்கணும்டா! பொழுது சாயறதுக்குள்ள நீ அங்க வந்து சேரல, பொண்ணை வேற இடத்துல குடுத்துடுவேன்!” கத்திவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

உள்ளே மாசிலாமணி தேம்பித் தேம்பி அழுதான். வெளியே இருவரும் குந்தி யோசித்தார்கள்.

“சுவரை இடிச்சு ஆளை எடுத்துடலாமா?” என்றான் எத்திராசு.

“இடிச்சா அவன் வெறும் மாப்பிள்ளைடா. அவர் கேட்டது வீட்டோட மாப்பிள்ளை.”

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? கட்டை விரலை மடக்கி, நாலு விரலைச் சுவரில் ஊன்றி, இருவரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். வெயில் ஏறி இறங்கியது.

“மாமா வீடு வந்துடுச்சாடா?” என்றான் மாசிலாமணி.

“பாதி தூரம் தாண்டியாச்சு. சன்னல் இல்லாததால உனக்குத் தெரியல.”

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். சட்டென்று ஒரு பயம் வந்தது. “டேய், அவசரத்துல வாசலை அங்கேயே விட்டுட்டு வந்துடலையே?”

கொளஞ்சி எட்டிப் பார்த்தான்.

“கவலைப்படாதடா. ஒரு அடிகூட விலகாம கூடவே வருது.”