அனுமதி கேட்டு நின்ற சடைச்சி

வந்தவர்கள் உட்காருங்கள், வருகிறவர்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். கதை என்றால் ராஜா வேண்டும் என்பீர்கள். இதிலும் ஒரு ராஜா உண்டு. ஆனால் இது அவன் கதை இல்லை. அவன் வாசலில் போய் நின்ற ஒருத்தியின் கதை.

மலைக்கும் கடலுக்கும் நடுவே குறும்பொறை என்று ஒரு நாடு இருந்தது. திண்ணராயன் அதை ஆண்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. மூன்று விஷயங்கள் அவனுக்குப் பிடிக்கும்: உயரமான மதில், இனிமையான பாட்டு, சத்தமில்லாத சந்தை. இந்த மூன்றும் இருந்தால் நாடு நன்றாக இருக்கிறது என்று அவன் நம்பினான்.

அந்த நாட்டில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். வயது நாற்பது இருக்கும். அவள் வேலை சேதி சொல்வது. வாரம் முழுக்க ஊர் ஊராக நடப்பாள். வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்து புளியமரத்தடியில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் சொல்வாள். கேட்டவர்கள் ஆளுக்கு ஒரு பிடி தானியம் போடுவார்கள். அவள் கணவன் ஒச்சப்பன் கயிறு திரிப்பவன். இரண்டு பேர் சம்பாத்தியத்தில் அடுப்பு எரிந்தது.

சடைச்சி எந்தச் சேதியையும் சும்மா தூக்கிக்கொண்டு வரமாட்டாள். மூன்று கேள்வி கேட்பாள். பார்த்தது யார்? எங்கே? எப்போது? மூன்றுக்கும் பதில் வந்தால்தான் அது சந்தைக்கு வரும். வராவிட்டால் அவள் வாயிலேயே கிடக்கும்.

ஒரு வருடம் திண்ணராயனுக்குப் பக்கத்து நாட்டைப் பற்றிய பயம் பிடித்துக்கொண்டது. பருந்துக் குன்றின் மேல் பெரிய மதில் கட்டச் சொன்னான். ஊரிலிருந்து பதினேழு ஆண்கள் கல் சுமக்கப் போனார்கள். மூன்று மாதம் முறை. முடிந்ததும் திரும்பி வரலாம் என்று பேச்சு. வேலைக்குத் தலைவன் அமரகோன். திருவிழாவுக்குள் மதிலை முடித்து ராஜாவிடம் பேர் வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதனால் சுண்ணாம்பு காய்வதற்கு முன்பே மேலே மேலே கல்லை ஏற்றினான்.

மதில் ஒருநாள் சரிந்தது.

அந்த வாரம் சடைச்சி ஆட்டுத்தடம் வழியாகக் குன்றில் ஏறியிருந்தாள். சுனையில் தண்ணீர் எடுக்க வந்த ஒரு கல்சுமப்பவன் அவளைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதான். மூன்று பெயர் சொன்னான், நடந்ததையெல்லாம் சொன்னான். இடத்தைக் காட்டினான். கற்கள் குவித்த மூன்று மேடுகளை அவள் தன் கண்ணால் பார்த்தாள். "மேலே ஏத்தாதீங்கன்னு சொன்னோம். கேக்கலை. கீழே யாரையும் விடமாட்டேங்கிறாங்க. நீயாவது போய்ச் சொல்லு" என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள். "பருந்துக் குன்றில மதில் சரிஞ்சுது. வேம்பன், கூத்தன், இருளாண்டி மூணு பேரும் இப்ப இல்லை. நான் மேடுகளைப் பார்த்தேன்."

சந்தை அப்படியே நின்றது. வேம்பனின் தாய் அங்காயி வெங்காயக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "என் பிள்ளை உயிரோட இருக்கான்டி! நாக்கு அழுகிடும் உனக்கு!" என்று மண்ணை வாரி அவள்மேல் இறைத்தாள்.

மறுநாளே அமரகோனின் ஆட்கள் முரசறைந்தார்கள். மூன்று பேரும் எல்லைக் காவலுக்குப் போயிருக்கிறார்களாம். மதிலில் ஒரு கீறல்கூட இல்லையாம். அங்காயி அதை நம்பினாள். நம்பாமல் எப்படி இருப்பாள், சொல்லுங்கள்? தினமும் மத்தியானம் வேம்பனுக்கும் சேர்த்தே உலை வைத்தாள்.

அமரகோன் சடைச்சியைக் கூப்பிட்டு அனுப்பினான். பட்டுப் புடவை ஒன்றை எடுத்து வைத்தான். "இனிமேல் நீ அரண்மனைச் சேதிக்காரி. கோட்டைக்குள் வீடு. நாங்கள் கொடுப்பதைச் சொன்னால் போதும்" என்றான்.

"கொடுக்கிறதைச் சொல்ல முரசு இருக்குதுங்க. நான் எதுக்கு?"

"சரி, குன்றில் உனக்கு இதைச் சொன்னது யார்? பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போ."

"அவர் என்னை நம்பிச் சொன்னார். அந்தப் பேர் வெளியே வராதுங்க" என்று சொல்லிவிட்டு, புடவையைத் தொடாமல் வந்துவிட்டாள்.

ஆசை காட்டியது பலிக்கவில்லை. அமரகோன் ராஜாவிடம் போனான். "மகாராஜா, சந்தையில் வதந்தி கிளம்புகிறது. எதிரி கேட்டால் சிரிப்பான். அனுமதி இல்லாமல் யாரும் சேதி சொல்லக்கூடாது என்று ஓர் ஆணை போட்டால் நல்லது." திண்ணராயன் அப்போது பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். என்ன வதந்தி என்று அவன் கேட்கவில்லை. ஓலையில் முத்திரை வைத்தான்.

அமரகோனின் ஆட்கள் அதோடு நிற்கவில்லை. சடைச்சி பக்கத்து நாட்டு வேவுக்காரி என்று கடைகடையாகப் பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். சிலர் நம்பினார்கள், சிலர் நம்பியதுபோல் இருந்துகொண்டார்கள். ஒச்சப்பனிடம் கயிறு வாங்க ஆள் வரவில்லை. நேற்றுவரை தானியம் போட்டவர்கள் அவளைப் பார்த்ததும் வேறு தெருவில் திரும்பினார்கள்.

"பேசாம இருந்துடேன் சடைச்சி" என்றான் ஒச்சப்பன். "நாம ரெண்டு பேர்தானே. செத்தவங்க திரும்பி வரவா போறாங்க?"

அவள் குன்று இருந்த திசையைப் பார்த்தாள். பிறகு, "இன்னும் பதினாலு பேர் மேல இருக்காங்க" என்றாள்.

ஒச்சப்பன் திரித்துக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே வைத்தான். "ஆணையை மீறினா உள்ளே போட்டுடுவாங்க."

"நான் ஏன் மீறணும்? அனுமதி கேக்கணும்னுதானே போட்டிருக்காங்க. கேக்கிறேன்."

அந்த வெள்ளிக்கிழமை அவள் சந்தைக்குப் போகவில்லை. அரண்மனை வாசலுக்குப் போனாள். அங்கே எப்போதும் நூறு பேராவது ஏதாவது மனுவோடு காத்திருப்பார்கள். சடைச்சி வாயில்காவலன் முன்னால் நின்று, சந்தையில் பேசுகிற அதே குரலில் கேட்டாள்:

"ஐயா, பருந்துக் குன்றில மதில் சரிஞ்சு வேம்பன், கூத்தன், இருளாண்டி இறந்துட்டாங்கன்னும், மத்தவங்களைக் கீழே இறங்க விடலைன்னும் சந்தையில சொல்ல அனுமதி வேணும்."

உள்ளே போய் வந்த காவலன், "அனுமதி இல்லை" என்றான்.

"நல்லதுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். ஆனால் நூறு பேரும் கேட்டுவிட்டார்களே!

அமரகோன் புது விதி போட்டான்: அனுமதியை வாயால் கேட்கக்கூடாது, ஓலையில்தான் எழுதிக் கேட்க வேண்டும். சடைச்சிக்கு எழுதத் தெரியாது. எழுத்தர் தெருவுக்குப் போனாள். முதல் எழுத்தரிடம் சேதியைச் சொன்னாள். அவர் பயந்து கதவைச் சாத்தினார். இரண்டாமவரிடம் சொன்னாள்; கை வலி என்றார். இப்படியே வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனதில் ஒன்பதாவது எழுத்தர் மூச்சுவிடாமல் எழுதிக் கொடுத்தார். ஓலைக்கும் அனுமதி இல்லை என்றே பதில் வந்தது. ஆனால் எழுத்தர் தெரு முழுக்கச் சேதி தெரிந்துவிட்டது.

மூன்றாவது விதி வந்தது: சடைச்சி அரண்மனை வாசலில் வாயைத் திறக்கவும் கூடாது, ஓலை நீட்டவும் கூடாது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். வாயைத் திறக்கவில்லை. கையிலும் ஒன்றுமில்லை. வெயிலில் சும்மா நின்றாள்.

இதற்குள் மூன்று மாத முறை முடிந்திருந்தது. குன்றிலிருந்து ஒருவர்கூட இறங்கவில்லை. வாசலில் இருந்த ஒரு பெண் சடைச்சி அருகே வந்தாள். "இன்னைக்கு யாரைப் பத்திக் கேக்க வந்தே?" என்றாள். சடைச்சி உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "என் தம்பி நாகனைப் பத்தியா?" என்றாள். இன்னொருத்தி, "என் வீட்டுக்காரரா?" என்றாள். ஒரு கிழவர் தன் மகன் பெயரைச் சொன்னார். ஒரு பெயர் விழுந்ததும் அடுத்த பெயர் வந்தது. காவலனும் ஈட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, தலை குனிந்தபடி சொன்னான்: "என் தங்கச்சி புருஷன் செம்பனும் வரலை."

அமரகோன் ஓடி வந்தான். சடைச்சியைச் சிறையில் தள்ளினான். தொல்லை தீர்ந்தது என்று நினைத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் நின்ற இடத்தில் வேறொருத்தி நின்றாள். யார் என்று நினைக்கிறீர்கள்? அங்காயி. மண்ணை வாரி இறைத்த அதே அங்காயி. வாயைத் திறக்காமல் பொழுது சாயும்வரை நின்றுவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வாசல் நிறைந்துவிட்டது. ஒச்சப்பன் நின்றான். கதவைச் சாத்திய எழுத்தரும் ஓர் ஓரமாக நின்றார். சடைச்சியை வேவுக்காரி என்றவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தனை பேர், ஒரு சத்தமில்லை.

திண்ணராயன் மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தான். சத்தமில்லாத கூட்டம் அவனுக்குப் பிடித்ததுதான். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. இறங்கி வாசலுக்கு வந்தான்.

"என்ன வேண்டும் உங்களுக்கு?"

யாரும் பேசவில்லை.

"அரசன் கேட்கிறேன். சொல்லுங்கள்."

அங்காயி முன்னால் வந்தாள். "அனுமதி உண்டுங்களா, மகாராஜா?"

திண்ணராயனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தான் முத்திரை வைத்த ஓலை அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. "உண்டு" என்றான் மெதுவாக.

"என் மகன் வேம்பன் செத்துட்டான்னு ஒருத்தி சொன்னா. நான் அவளைத் திட்டினேன். அவன் எல்லையில இருக்கான்னு உங்க ஆள் சொன்னார். நான் சோறு வச்சுக் காத்திருந்தேன். இருந்தா அவனைக் கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா என்னை அழ விடுங்க. ரெண்டும் இல்லாம எத்தனை நாள் இருப்பேன்?"

ராஜா அமரகோனைத் திரும்பிப் பார்த்தான். "பதினேழு பேரையும் நாளைக் காலை என் முன்னால் நிறுத்து."

"எல்லை வெகு தூரம், மகாராஜா. வர நாளாகும்" என்றான் அமரகோன்.

"குன்று பக்கம்தானே. நானே போகிறேன்."

அன்றைக்கே ஏறினான். ஊரும் சடைச்சி சொன்னதை அவனிடம் சொல்லிக்கொண்டே பின்னால் ஏறியது. மேலே மதில் பாதி நின்றது, பாதி கிடந்தது. மறுசரிவில் ஒரு கற்கொட்டகை, வெளியே தாழ். திறந்தபோது பத்து பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நாகன் இருந்தான், செம்பன் இருந்தான். பக்கத்தில் ஏழு மேடுகள்.

"மூன்று என்றுதானே சொன்னாள்?" என்றான் ராஜா.

சுனையில் சடைச்சியிடம் அழுதவன் அந்தப் பத்து பேரில் ஒருவன். ஈரன் என்று பெயர். அவன் சொன்னான்: "அப்ப மூணு பேர்தான் மகாராஜா. சேதி கீழே போயிடுச்சு, யாராவது வருவாங்கன்னு தினமும் பாதையைப் பார்த்துக்கிட்டிருந்தோம். யாரும் வரலை. மறுபடி ஏத்தச் சொன்னாங்க. மறுபடி சரிஞ்சுது. இன்னும் நாலு பேர்."

"அது என்றைக்கு?"

ஈரன் நாளைச் சொன்னான். ராஜா விரல் விட்டு எண்ணினான். அவன் ஆணைக்கு முத்திரை வைத்ததிலிருந்து பதினாறாம் நாள். திரும்பவும் எண்ணினான். பதினாறுதான் வந்தது. அங்கிருந்த ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

அமரகோனை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். சடைச்சி வெளியே வந்தாள். சிறை ஈரத்தில் அவள் குரல் கரகரத்துப் போயிருந்தது. கடைசிவரை அது சரியாகவே இல்லை.

திண்ணராயன் அவள் எதிரில் நின்றான். "என்ன கேட்டாலும் தருகிறேன்" என்றான்.

"அந்த ஆணையை எடுத்துடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"எடுக்கிறேன். ஆனால் எதுவானாலும் முதலில் என்னிடம் சொல்லிவிட்டுப் பிறகு சந்தையில் சொல்லலாமே?"

"அது பழைய ஆணைதானுங்களே, மகாராஜா. சந்தையில சொல்றேன், நீங்களும் வந்து கேளுங்க."

"யாராவது பொய் சொன்னால்?"

"அதே சந்தையில வந்து அது பொய்னு சொல்லுங்க. ஜனங்க ரெண்டையும் கேக்கட்டும்."

ராஜா அந்த ஆணை ஓலையைக் கொண்டுவரச் சொன்னான். பிறகு ஓலையை வாங்கித் தன் கையாலேயே கிழித்தான்.

சடைச்சி வாசலைத் தாண்டியபோது அங்காயி காத்திருந்தாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "இப்ப சொல்லு. அவன் எங்கே நின்னான், எப்படி விழுந்தான், கடைசியா யார்கிட்ட பேசினான். ஒண்ணு விடாம சொல்லு" என்றாள்.

சடைச்சி அந்தக் கரகரத்த குரலில், சுனையருகே ஈரன் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அங்காயி கடைசிவரை கேட்டாள். அதற்குப் பிறகுதான், இத்தனை வாரம் கழித்து, தன் மகனுக்காக வாய்விட்டு அழுதாள்.

கேட்டீர்களே, இந்தக் கதை சொல்வது இதுதான்: உண்மையைச் சொல்கிற ஒருவரின் வாயை அடைத்தால் அதை அறிய வேண்டிய ஊர் முழுவதும்தான் உயிரைக் கொடுக்கிறது, ஆகவே அவருக்காக நாம் நிற்பது நமக்காக நிற்பதே.