கங்குமலை பொங்குமுன் செய்த ஏற்பாடுகள்

கங்குமலை ஒரு நெருப்பு மலை. அதன் அடிவாரத்தில் சாம்பலூர். அங்கிருந்து இரண்டு கல் தள்ளித் தவளக்குளம். தவளக்குளத்தில் ஏகாம்பரம் என்று ஒருவன் குடியிருந்தான். அவனுக்குக் கண்ணாயிரம், சங்கிலி என்று இரண்டு தம்பிகள். மூன்று பேரும் தங்கமானவர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அவர்களுக்கு வந்த சங்கடமெல்லாம் இந்த ஒரு நல்ல குணத்தால் வந்ததுதான்.

அந்த வருஷம் மலை லேசாகப் புகைய ஆரம்பித்தது. ஏகாம்பரத்தின் மனைவி வடிவுக்கு அப்போது எட்டு மாதம். புகையைப் பார்க்கும்போதெல்லாம் அவன் அவளை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவான். அதனால் தாலுகா ஆபீஸிலிருந்து இன்பவல்லி என்ற அதிகாரி ஜீப்பில் வந்து மைக் பிடித்தபோது, முதல் ஆளாகப் போய் முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

“மலை மேல எப்பவும் ஒரு கண்ணு வைங்க” என்றார் அதிகாரி. “மூணு நாளைக்கான சாப்பாட்டைக் கையோட வச்சுக்கங்க. கூரையில சாம்பல் சேர்ந்தா பாரம் தாங்காது, சேர விடாதீங்க. கதவு ஜன்னலை இறுக்கி அடைச்சிடுங்க. கரும்புகையைப் பார்த்தா உடனே ஈரத்துணியால வாயை மூடிக்கங்க. சாம்பலூர்க் கோயில் மணி அடிச்சா, திரும்பிப் பார்க்காம ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளிக்கூடத்துக்கு ஓடிடுங்க.”

ஏகாம்பரம் ஒரு சொல் சிந்தாமல் மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தான். சாயங்காலம் ஆலோசனை நடந்தது.

“முதல்ல கண்ணு” என்றான் ஏகாம்பரம். “யாரோட கண்ணை வைக்கிறது?”

எல்லோரும் கண்ணாயிரத்தைப் பார்த்தார்கள்.

“பேருதான் ஆயிரம். இருக்கறது ரெண்டே ரெண்டு” என்றான் அவன்.

தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வடிவுதான் வழி சொன்னாள். “ஏங்க, வாசல்ல கட்டியிருக்கற திருஷ்டிப் பூசணிக்கு முட்டை முட்டையா கண்ணு இருக்கே.”

“அதுக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணுதான் கேட்டாங்க” என்றான் சங்கிலி.

ஒரு கண்ணைச் சுண்ணாம்பு பூசி மறைத்தார்கள். மறுநாள் விடிந்ததும் ஏகாம்பரமும் கண்ணாயிரமும் பூசணியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள். பாதி தூரத்திலேயே செருப்பு சூடேறிக் காலைச் சுட்டது. அங்கேயே ஒரு பாறை மேல் பூசணியை வைத்து, வேலை ஒழுங்காக முடிந்த நிம்மதியோடு இறங்கி வந்தார்கள். பின்னாலிருந்து பூசணி வேகும் வாசனை வந்தது. “யார் வீட்லயோ சாம்பார்” என்றான் கண்ணாயிரம்.

அடுத்தது சாப்பாடு. வடிவு மூன்று நாளைக்கான புளிச்சோற்றைக் கிளறி நான்கு குண்டானில் போட்டாள். ஆளுக்கொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மத்தியானம் பசித்தது.

“கீழ வச்சுட்டுச் சாப்பிடலாமா அண்ணே?” என்றான் சங்கிலி.

“கீழ வச்சா அது தரையோட வச்சதாயிடும். அந்த அம்மா கையோடன்னு சொன்னாங்க.”

சங்கிலி வெகுநேரம் யோசித்தான். “மாட்டுக்குக் கையே கிடையாது. அது பட்டினியா கிடக்கு?”

அவ்வளவுதான். மூன்று பேரும் குண்டானுக்குள் முகத்தை விட்டார்கள். வடிவு மட்டும் விரலால் எடுத்து நிதானமாகச் சாப்பிட்டாள், ஏனென்றால் பிள்ளைத்தாச்சி பாரம் தூக்கக்கூடாதென்று அவளுடைய குண்டானையும் ஏகாம்பரமே ஏந்திக்கொண்டிருந்தான். மூன்று நாளும் இரண்டு குண்டானோடு நின்றுகொண்டே தூங்கினான்.

சோறு தீர்ந்து கை ஒழிந்ததும் கூரையைப் பற்றிப் பேச்சு வந்தது.

“சாம்பல் சேரக்கூடாதுன்னா என்ன செய்யணும்?”

“கூரை இருந்தாத்தானே சேரும்?” என்றான் கண்ணாயிரம்.

இவ்வளவு சுலபமான விஷயத்தை அந்த அம்மா நேரடியாகவே சொல்லியிருக்கலாமே என்று ஏகாம்பரத்துக்குத் தோன்றியது. ஓடுகளையெல்லாம் பிரித்துத் தென்னந்தோப்பில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பிறகு வீட்டுக்குள் வந்து கதவையும் ஜன்னலையும் இறுக்கி அடைத்தார்கள். சாவித்துவாரத்தில் மெழுகு வைத்தார்கள். சங்கிலியை மட்டும் காவலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஏற்றியிருந்தார்கள்.

“இனி ஒரு எறும்பு நுழையட்டும் பார்க்கலாம்” என்றான் ஏகாம்பரம்.

மேலேயிருந்து ஒரு காக்கா இறங்கி, காய வைத்திருந்த வடகத்தைக் கொத்திக்கொண்டு பறந்தது.

“கதவு வழியா வரலையே” என்று எல்லோரும் திருப்திப்பட்டார்கள்.

அன்றைக்கு மத்தியானமே மலை கரும்புகையைக் கக்கியது. மரத்திலிருந்த சங்கிலி பார்த்துவிட்டான். துண்டை நனைத்து வாயை இறுக்கக் கட்டிக்கொண்டு ஓடிவந்து கதவைத் தட்டினான்.

“யாரு?”

“ம்ம்.”

“ம்ம்னு நமக்கு யாரையும் தெரியாதே” என்றான் ஏகாம்பரம்.

சங்கிலி சுவர் ஏறி உள்ளே குதித்தான். கையால் மலை மாதிரி காட்டினான், கன்னத்தை உப்பிக் காட்டினான், தரையில் விழுந்து உருண்டும் காட்டினான்.

“பல்வலிதான்” என்றான் கண்ணாயிரம். “கன்னம் வீங்கியிருக்கு பாரு. கிராம்பு எடுத்துட்டு வாங்க அண்ணி.”

இரண்டு அண்ணன்களும் அவனை மல்லாக்கத் தள்ளி, துண்டை அவிழ்த்துக் கிராம்பைத் திணிக்கப் பார்த்தார்கள். அவன் உயிரே போனாலும் வாயைத் திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

வடிவு அண்ணாந்து பார்த்தாள். “ஏங்க, மழை வரும்போல இருக்கு. மிச்ச வடகத்தையாவது எடுங்க.”

அவள் கையில் சாம்பல் துணுக்கு ஒன்று விழுந்தது. சாம்பலூர் மணியும் அடித்தது.

தெருவெல்லாம் ஜனம் ஓடியது. ஏகாம்பரம் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டான். மலையின் வாய் அடுப்பு மாதிரி சிவந்திருந்தது.

“திரும்பிப் பார்க்கக் கூடாது” என்றான். “பார்க்காட்டி அது நம்ம பின்னால வருதான்னு எப்படித் தெரியும்?”

“இப்பவே மலையைப் பார்த்துத்தானே நிக்கறோம்? இப்படியே ஓடினா திரும்பற வேலையே இல்லை” என்றான் கண்ணாயிரம்.

ஆகவே நாலு பேரும் மலையைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓடினார்கள். மலை வரவில்லை. ஆனால் ஏரி வந்தது. முதலில் சங்கிலி, அப்புறம் கண்ணாயிரம், அப்புறம் வடிவைத் தாங்கிப் பிடித்தபடி ஏகாம்பரம் என்று வரிசையாக இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தார்கள். அடுத்த நிமிஷம் வானத்திலிருந்து சுடு பொடி கொட்டியது. சுற்றிலும் தண்ணீர் ‘சுர் சுர்’ என்றது. வடிவு தன் முந்தானையை நனைத்து நாலு தலைக்கும் மேலே பிடித்தாள். ஏகாம்பரம் அவள் வயிற்றின் மேல் வைத்த கையைக் கரை ஏறும்வரை எடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குத் தலைமுடி பொசுங்கியிருந்தது. இவர்கள் நாலு பேரும் சொட்டச் சொட்ட நின்றார்கள்.

“ஏரியில முங்கிட்டு வந்தீங்களா? நல்ல யோசனை” என்றார் இன்பவல்லி.

“நீங்க சொல்லாததைச் செஞ்சுட்டோம், மன்னிச்சுக்குங்க அம்மா” என்றான் ஏகாம்பரம்.

இரண்டு நாள் கழித்து ஊருக்குத் திரும்பினார்கள். தெருவில் பல வீட்டுக் கூரை சாம்பல் பாரத்தில் உட்கார்ந்துபோயிருந்தது. ஏகாம்பரத்தின் ஓடு மட்டும் தோப்பில் ஒன்றுகூட உடையாமல் இருந்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு சாம்பல். அவன் அதிகாரியைக் கூட்டிவந்து சாவித்துவாரத்தைக் காட்டினான். “பாருங்கம்மா, இந்த வழியா ஒரு துளி வரலை.”

அவர் கூரை இருந்த இடத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது, “இனிமே பயமில்லை. மலை தூங்கிடுச்சு. இப்போதைக்கு எழுந்திருக்காது” என்றார்.

ஜீப் போனதும் ஏகாம்பரம் குரலைத் தாழ்த்தினான். “தலைக்கு ஒண்ணும் இல்லாம தூங்கினா கழுத்து பிடிச்சுக்கும். பாதியில முழிச்சுக்கும்.”

வடிவு தன்னுடைய தலையணையையே எடுத்துக் கொடுத்தாள். மூன்று பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி அடியெடுத்து வைத்து அடிவாரத்துக்குப் போனார்கள்.

“தலை எந்தப் பக்கம்?” என்று கிசுகிசுத்தான் சங்கிலி.

“வாய் உச்சியில இருக்கு. அப்ப தலையும் உச்சியிலதான்” என்றான் கண்ணாயிரம்.

ஏகாம்பரம் அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு மனசு இளகிவிட்டது. “ஐயோ பாவம், நின்னுகிட்டே தூங்குதுடா.”

அவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். தலையணையைப் புல்லில் பதமாக வைத்தான். மூன்று பேரும் மலையில் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்கள்.

“இடது பக்கமா சாய்ங்கடா” என்றான் ஏகாம்பரம். “அப்பத்தான் செரிக்கும்.”