கோல்கீப்பரை உதைக்க அனுப்பியவர்

தாஷ்கண்டில் ஆசிய இளையோர் கோப்பை இறுதி ஆட்டம், எங்கள் அணிக்கும் உஸ்பெக் அணிக்கும். கூடுதல் நேரமும் முடிந்து ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. இனி பெனால்டிதான். அரங்கம் முழுக்க உஸ்பெக் ஜனங்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை.

எங்கள் கோல்கீப்பர் ஜெனிஸ், தூத்தூர்க்காரன், பயிற்சியாளர் சூசைநாதன் சாரிடம் ஓடினான்.

"சார், உதைக்க வர்றவன் ராட்சசன் மாதிரி தெரியறான். எனக்குப் பின்னாடி கோல் கடல் கணக்கா விரிஞ்சு கிடக்கு. பயப்படாம எப்பிடி சார் நிக்கிறது?"

சார் பந்து வைக்கும் இடத்தைக் கைகாட்டினார்.

"முதல் உதைக்கு நீ போ" என்றார்.

முதல் உதை என்னுடையது. ஜெனிஸுக்கு உதைக்கவே வராது. பயிற்சியில் அவன் அடித்தால் பந்தை வேலிக்கு வெளியே போய்த் தேட வேண்டும்.

"சார், அவனா?"

"அவன்தான்."

போனான். பந்தை வைத்தான். நிமிர்ந்து கோலைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். விசில் ஊதியும் நின்றான். பிறகு உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து ஜனங்களுக்குள் விழுந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்தேன். சாரை மனசுக்குள் திட்டவும் செய்தேன்.

ஜெனிஸ் கோலுக்குள் போய் நின்றான். அவர்களுடைய முதல் ஆள் வந்தான். ஜெனிஸ் அவன் முகத்தையே பார்த்தான். இடது பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டான்!

அப்புறம் இரண்டு பக்கமும் கோல்தான். நானும் போட்டேன். எங்கள் உதைகள் முடிந்தபோது நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். அவர்களுக்குக் கடைசி உதை. தடுத்தால் கோப்பை எங்களுக்கு.

ஜெனிஸ் அசையவில்லை. உதைக்க வந்தவன்தான் தடுமாறினான். பந்து நேராக நெஞ்சுக்கு வந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டான்.

அரங்கமே அடங்கிப் போனது. அம்மாடி, இவனா நம்ம ஜெனிஸ்!

ஜெனிஸ் அழுதுகொண்டே சாரிடம் வந்தான்.

"எனக்கு உதைக்க வராதுன்னு உங்களுக்குத் தெரியுமே சார். ஏன் அனுப்பினீங்க? கோப்பையே போயிருக்கும்."

"அங்க நின்னப்ப என்ன தெரிஞ்சது?"

"கோல் ஜன்னல் அளவுக்குச் சின்னதாயிடுச்சு சார். அவங்க கீப்பர் அதை அடைச்சுக்கிட்டு நின்னான். எனக்குக் கால் வெடவெடன்னு ஆடிச்சு."

சார் அவன் தோளில் கை போட்டார்.

"கோல் அடிக்கவா அனுப்பினேன்? இதைப் பாத்துட்டு வரத்தான் அனுப்பினேன்."