பனீர் தண்ணிக்கு மூணு பங்கு

“எவனோ ஒருத்தன் உக்காந்த இடத்துலருந்து என் வயித்துல அடிக்கிறான், அம்மணி. அவன் நல்லா இருப்பானா?”

நாச்சிமுத்து நகராட்சி நோட்டீஸைப் பூங்கோதையின் மேசைமேல் வீசினார். சைக்கிளில் பால் கேன் கட்டி ஓட்டிய நாளிலிருந்து பனீர் கம்பெனி முதலாளியான இன்றுவரை, அடுத்தவன் சொன்ன விலைக்கு அவர் தலையாட்டியதே கிடையாது.

பூங்கோதை நோட்டீஸைப் படித்தாள்.

ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையத்துக்கு அவள் பொறுப்பாளர். முப்பத்தைந்து வயசு. அளந்துதான் பேசுவாள். ‘சாக்கடைச் சாமி’ என்று ஊர் கேலியாகப் பேர் வைத்திருந்தது. ஆனால் அவளிடம் சண்டைக்குப் போனவர்கள் குரல் இறங்கித்தான் திரும்பினார்கள்.

“ஊருக்கெல்லாம் ஒரு பங்கு சாக்கடைக் கட்டணம், எனக்கு மட்டும் மூணு பங்கா? அதே குழாய்தானே?”

“குழாய் அதேதாங்க. உள்ள வர்றது கனம். சொல்லாம வந்து எடுத்த சோதனையில கொழுப்பு மூணு மடங்கு.”

“என்ன கனம்? சாயமா, அமிலமா? பாலைத் திரிய வச்சு மிஞ்சுற தண்ணி! கன்னுக்குட்டிக்கு ஊத்துனா வாலை ஆட்டிக்கிட்டுக் குடிக்கும்.”

“அப்ப கன்னுக்குட்டிக்கே ஊத்துங்க.”

“வியாழனுக்கு வியாழன் பத்தாயிரம் லிட்டர் வருது. அத்தனை கன்னுக்கு எங்க போறது?”

அவள் நோட்டீஸை மடித்து அவர் பக்கமே நகர்த்தினாள்.

“சரி, ஒண்ணரைப் பங்கு. முடிச்சுக்கலாம்.”

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“ஒண்ணேமுக்கால். இதுக்கு மேல எங்கப்பனே வந்து கேட்டாலும் கிடையாது.”

பூங்கோதை எழுந்து செருப்பை மாட்டினாள்.

“குறைக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லீங்க, முதலாளி. கேக்க வேண்டிய எடம் வேற. வாங்க.”

பெரிய அதிகாரி யாரோ என்று நாச்சிமுத்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

அவள் கூட்டிப்போனது பள்ளத்தெருவுக்கு. ஊரிலேயே தாழ்ந்த தெரு.

அங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிலைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குச் செங்கல் கட்டு. கைக்குழந்தையோடு ஒருத்தி அதைத் தாண்டி வெளியே வந்துகொண்டிருந்தாள்.

“இதென்ன கூத்து? வாசலை அடைச்சு எவனாவது சுவர் வைப்பானா?”

முதல் வீட்டு வேலாத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஆசைக்கா வச்சோம்? வியாழக்கிழமையானா சாக்கடை பொங்கி வூட்டுக்குள்ள வருதுங்க. ஒரே புளிச்ச பால் வாடை. குழாயெல்லாம் கொழுப்பு அடைச்சுக்குது. மொதல்ல ரெண்டு கல் வச்சோம், ஏறி வந்துருச்சு. இப்ப அஞ்சு.”

நாச்சிமுத்துவுக்கு அந்த வாடை தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாண ஆர்டர்களுக்கு அவர் பனீர் போடுவதும் வியாழன்தான். சோதனைக்கு ஆள் வரும்போதெல்லாம் போர்வெல் தண்ணீரைத் திறந்துவிட்டு, கழிவை நீர்க்கக் காட்டிச் சாதாரணக் கட்டணத்தில் பதினோரு வருசம் ஓட்டியிருந்தார். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்.

“போன மாசம் எம் புள்ளையப் பொண்ணு பாக்க வந்தாங்க,” என்றாள் வேலாத்தாள். “பாத்து வச்ச நாளும் வியாழனாப் போச்சு. வந்தவங்க வாசல்லயே மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னாங்க. பூத்தட்டைக் கார்லருந்து எறக்கவே இல்லீங்க.”

உள்ளே யாரோ பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது. சத்தம் வந்த பக்கம் நாச்சிமுத்து பார்க்கவில்லை.

“பேசுங்க,” என்றாள் பூங்கோதை, அவருக்கு மட்டும் கேட்கும்படி. “ஒண்ணேமுக்கால்னு சொன்னீங்களே.”

அறுபது வயசில் முதல் தடவையாக அவருக்கு வாயில் விலை வரவில்லை.

வேலாத்தாள் அவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள்.

“ஆபீசருங்களா?”

அவர் இல்லையென்றும் சொல்லவில்லை.

“அப்ப இந்தத் தண்ணிய விடற ஆளுகிட்டப் போய்ச் சொல்லுங்க. பேரு தெரியாததால இத்தனை வருசமா அவனைத் திட்டக்கூட முடியலைங்க. திட்டவும் வேண்டாம். அடுத்த வியாழனுக்குள்ள வந்து, இந்த அஞ்சு கல்லையும் அவன் கையாலயே எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க!”